அத்தையைப் பிடித்த மாவு

உங்களில் எத்தனை பேர் நைலெக்ஸ் சேலை கட்டியிருக்கிறீர்கள்? நீங்கள் கட்டாவிட்டாலும் உங்கள் அம்மாவோ அக்காவோ கட்டிப் பார்த்திருப்பீர்கள். நம் வயதுக்காரர்களிடம் அதை விளக்க வேண்டியதில்லை. துவைத்து உதறினால் சீக்கிரம் காய்ந்துவிடும், இஸ்திரி வேண்டாம், லேசில் கிழியாது. வெயில் காலத்தில் மட்டும் உடம்போடு ஒட்டிக்கொண்டு வேகும். அவிழ்க்கும்போது படபடவென்று பொரியும், கை ரோமமெல்லாம் எழுந்து நிற்கும். அந்தச் சத்தம் காதில் விழுந்தால் எனக்கு இன்றைக்கும் ஓரிடத்தில் உட்கார முடிவதில்லை. எழுந்து போய் வாசலில் நின்றுகொள்கிறேன். மகள் கேட்டால் புழுக்கம் என்று சொல்லிவிடுவேன். உங்களிடம் அப்படிச் சொல்ல வேண்டாம் என்று தோன்றுகிறது.

நான் ஐந்தாம் வகுப்பு படித்த வருஷம் அது. எங்கள் ஊர் கள்ளக்குறிச்சிக்கு மேற்கே, கல்வராயன் மலைக்குப் போகும் சாலையில் இருக்கிறது. அந்த வருஷம் ஐப்பசியும் பொய்த்தது, கார்த்திகையும் பொய்த்தது. தை முடிவதற்குள் கோமுகி ஆற்றில் வெறும் மணல். காற்று என்றால் அப்படியொரு காய்ந்த காற்று. உதடு வெடிக்கும், கதவு நாள் முழுக்க அடித்துக்கொள்ளும். கட்டுத்தறியில் எருமை நிலைகொள்ளாமல் முளையைச் சுற்றிச் சுற்றி வரும். மனிதர்களும் அப்படித்தான் இருந்தார்கள். ஒன்றுமில்லாததற்கெல்லாம் சண்டை. அம்மா அடுப்பை மூட்டிவிட்டு எழுந்து போவாள், எதற்குப் போனோம் என்று தெரியாமல் திரும்பி வருவாள்.

ஊர் எல்லையில் ஒரு மாவு மில் இருந்தது. மரவள்ளிக் கிழங்கிலிருந்து மாவு எடுப்பார்கள். துணி மில்களுக்குக் கஞ்சி போட அந்த மாவு போகும். எங்கள் வீட்டில் மூன்று பேருக்கும் அங்கேதான் பிழைப்பு. அப்பா மில் லாரியின் டிரைவர், மலைமேல் போய்க் கிழங்கு ஏற்றிவருவார். அம்மா களத்தில் மாவு காயவைப்பாள். அப்பாவின் தங்கை, என் அத்தை, மாவு பிடிக்கிற அறையில் வேலை செய்தாள். அவளுக்குக் கல்யாண வயது கடந்துகொண்டிருந்தது. நெட்டையாக இருப்பாள், சிரித்தால் அடுத்த தெருவுக்குக் கேட்கும்.

மாவு பிடிப்பது என்றால் இதுதான். களத்தில் காய்ந்த மாவுக் கட்டிகளை ஓர் அறையில் மெஷினில் போட்டு அரைப்பார்கள். காற்றாடி அந்தத் தூளை ஒரு நீளக் குழாய் வழியாக அடுத்த அறைக்குத் தள்ளும். அங்கே குழாயின் வாயில் ஒரு பெரிய தகரப் புனல் தொங்கும். புனலுக்கு அடியில் சாக்கைப் பிடித்து, நிறைந்ததும் நகர்த்தி, அடுத்த சாக்கை வைக்க வேண்டும். அந்த அறையில் ஜன்னலையெல்லாம் சாக்கால் மூடியிருப்பார்கள், மாவு வெளியே பறந்து வீணாகக் கூடாது என்று. உள்ளே போனால் பனிமூட்டத்துக்குள் போன மாதிரி இருக்கும். உத்திரத்திலும் சுவரிலும் அந்தத் தூள் விரல் தடிமனுக்குப் படிந்திருக்கும். அவ்வளவு மெல்லிய தூள். கையில் எடுத்துத் தேய்த்தால் எண்ணெய் மாதிரி வழுக்கும், இறுக்கினால் கறுக் கறுக்கென்று நொறுங்கும். அந்தக் கறுக் சத்தத்துக்காகவே நான் அத்தையிடம் போய் ஒரு பிடி வாங்கிக்கொள்வேன்.

அந்தப் பொங்கலுக்கு முதலாளி இரண்டு காரியம் செய்தார். இரண்டும் நல்ல மனதோடு செய்ததுதான். தகரக் குழாய் துருப்பிடித்து மாவில் பழுப்புப் புள்ளி விழுகிறது என்று அதைக் கழற்றிவிட்டு வெள்ளை வெளேரென்று பிளாஸ்டிக் குழாய் மாட்டினார். பழைய புனலை நைலான் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டார்கள். அப்புறம் மில்லில் வேலை செய்த பெண்களுக்கெல்லாம் ஆளுக்கொரு நைலெக்ஸ் சேலை கொடுத்தார். அம்மா தன்னுடையதைப் பெட்டியில் வைத்துப் பூட்டினாள். அத்தைக்கு அப்படிப் பூட்டிவைக்க வேறு சேலை ஏது? இருந்த இரண்டும் நைந்து போயிருந்தன. ஊதா நிறத்தில் மஞ்சள் பூப் போட்ட அந்தச் சேலையையே வேலைக்குக் கட்டிக்கொண்டு போனாள். காலில் ரப்பர் செருப்பு.

மாசி பிறந்ததும் அந்த மாவு சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. முன்பெல்லாம் அத்தை மாலையில் வந்து முந்தானையை நாலு உதறு உதறினால் தூள் கொட்டிவிடும். இப்போது எவ்வளவு உதறினாலும் போகவில்லை. உதற உதற இன்னும் அழுத்தமாகப் பிடித்துக்கொண்டது. கையிலும் புருவத்திலும் ஒட்டியது. அறைச் சுவரில் மாவு மேல்நோக்கி ஏறுகிறது என்றாள். சாக்கு வாயிலிருந்து ஒரு இழை மாவு எழுந்து தன் கையை நோக்கி வருகிறது என்றாள். நான் நம்பவில்லை. ஒருநாள் போய்ப் பார்த்தேன். அவள் முழங்கையைச் சாக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். மேலாக இருந்த தூள் நிமிர்ந்து, சின்னச் சின்ன முள்ளாக நின்று, தாவி அவள் தோலில் ஒட்டிக்கொண்டது.

"பாத்தியா? என்னைக் கண்டா அதுக்கு அவ்ளோ ஆசை" என்று சிரித்தாள்.

ஆனால் அதற்கு மறுவாரத்திலிருந்து சிரிப்பு குறைந்தது. புனல் அவளை அடிக்க ஆரம்பித்திருந்தது. சாக்கை மாற்றுவதற்குக் கையை நீட்டினால் டப்பென்று ஒரு அடி, தேள் கொட்டிய மாதிரி. முழங்கை வரை மரத்துப் போகும். பக்கத்தில் யாராவது வந்து அவளைத் தொட்டால் அவர்களுக்கும் சுருக்கென்று இருக்கும். அறையை மேற்பார்வை பார்த்த மேஸ்திரி ஒருநாள் அவள் கையிலிருந்து சாவியை வாங்கும்போது ஒரு நீலப் பொறி பறந்ததைப் பார்த்திருக்கிறார். சாவியைக் கீழே போட்டுவிட்டு வெளியே வந்து நின்றாராம். நல்ல மனுஷன் அவர். ஆனால் பயந்த மனுஷன். பார்த்ததைத் தனக்குள் வைத்துக்கொள்ளத் தெரியாது.

இந்தச் சமயத்தில்தான் மணலூர்பேட்டையிலிருந்து அத்தையைப் பெண் பார்க்க வந்தார்கள். கரும்பும் நெல்லும் போடுகிற குடும்பம். அப்பா இரண்டு நாளாகத் தூங்கவில்லை. பக்கத்து வீட்டிலிருந்து ஒரு புது பிளாஸ்டிக் பாய் இரவல் வாங்கி விரித்தோம். அத்தை வேலைக்குக் கட்டுகிற அதே நைலெக்ஸைத் துவைத்துக் கட்டியிருந்தாள். அவளிடம் இருந்ததில் அதுதான் நல்ல சேலை. பாயில் நகர்ந்து நகர்ந்து எல்லாருக்கும் காப்பி கொடுத்தாள். மாப்பிள்ளையின் அம்மாவுக்கு அவளைப் பிடித்துப்போனது. எழுந்து வந்து, குங்குமத்தைத் தொட்டு, அத்தை நெற்றிக்கு விரலைக் கொண்டுபோனார்.

டிக் என்று ஒரு சத்தம். எங்கள் எல்லாருக்கும் கேட்டது.

அந்தம்மா கையை உதறிக்கொண்டு பின்னால் போய்ச் சுவரில் முட்டினார். குங்குமம் பாயெல்லாம் சிதறியது.

"இன்னாது இது? பொண்ணு கடிக்குது!"

"ஒண்ணும் இல்லீங்க, கை பட்டிருக்கும்" என்று அம்மா ஓடினாள்.

"கை பட்டா இப்டியா சுருக்குன்னும்? நெத்தில நெருப்பு வெச்சிக்கினு இருக்குது உங்க பொண்ணு!"

அவர்கள் சண்டை போடாமல் போய்விட்டார்கள். சண்டை போட்டிருந்தால்கூடத் தேவலை. பஸ் ஸ்டாப்பிலேயே அந்தம்மா யாரிடமோ சொல்லியிருக்க வேண்டும். மறுநாள் நான் பள்ளிக்கூடம் போவதற்குள் ஊருக்கே தெரிந்திருந்தது. மேஸ்திரி சாவி விஷயத்தைச் சொன்னார். களத்துப் பெண்கள் மாவு ஏறுகிற விஷயத்தைச் சொன்னார்கள். ஒன்றோடு ஒன்று சேர்ந்து, மலையடிவாரத்து முனி அத்தையைப் பிடித்திருக்கிறது என்று முடிவாயிற்று. அத்தை தண்ணீர் எடுக்கப் போனால் குழாயடியில் இடம் விட்டு விலகினார்கள். அவளுக்கு வரிசையில் நிற்கிற வேலை மிச்சம். குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு விறுவிறுவென்று வந்துவிடுவாள். வீட்டுக்குள் வந்து அந்தக் குடத்தை இறக்குகிற வேகத்தில் அவள் மனசு தெரியும்.

அப்பா தங்கைமேல் உயிராக இருந்தவர். அதனால்தான் அதிகம் பயந்தார் என்று இப்போது நினைக்கிறேன். அவள் கையில் எதையும் நேராகக் கொடுப்பதை நிறுத்தினார். காசென்றாலும் பூவென்றாலும் தரையில் வைத்துவிட்டு எழுவார். வீட்டுக்குள் இரண்டு நிமிஷம் சேர்ந்தாற்போல் இருக்கமாட்டார். லாரியைத் துடைப்பார், டயரை உதைத்துப் பார்ப்பார், திரும்ப வந்து திண்டாடுவார்.

கடைசியில் மில்லிலும் சொல்லிவிட்டார்கள். "அவள வெச்சிக்கினு மத்தவங்க வேலை செய்ய மாட்டேங்கறாங்க டிரைவரே. கொஞ்ச நாளு எங்கனா அனுப்பு. அந்த எடத்துக்கு உன் சம்சாரம் வரட்டும்." கருணையோடுதான் சொன்னார்கள்.

மலைமேல் அப்பா வழக்கமாகக் கிழங்கு ஏற்றுகிற காட்டின் சொந்தக்காரி ஒருத்தி இருந்தாள். கிழங்குக்காரம்மா என்றுதான் எங்களுக்குத் தெரியும். அவள் ஊரில் ஒரு மலைச்சாமி கோயில் உண்டு. அங்கே தங்கையைக் கொண்டுபோய் விடுவது என்று அப்பா முடிவு செய்தார். என்னையும் கூட ஏற்றிக்கொண்டார், அத்தை தனியாக அழக்கூடாது என்பதற்காக. அத்தை அழவில்லை. லாரி கொண்டைஊசி வளைவில் உறுமி உறுமி ஏறியபோது ஒரே ஒரு தடவை பேசினாள்.

"அண்ணே, நீயும் நம்பறியா?"

அப்பா கியர் மாற்றினார். "நான் நம்பி இன்னா, நம்பாங்காட்டி இன்னா. ஊர் வாயை யாரு மூடறது?"

அத்தை அதற்கப்புறம் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள்.

கிழங்குக்காரம்மா விஷயத்தைக் கேட்டுவிட்டு அத்தையை மேலும் கீழும் பார்த்தாள். "இதுக்கா இம்மாந்தூரம் இட்டாந்த? சாமிகிட்ட சொல்லிக்கலாம் போ. கெழங்கு புடுங்க ஆளில்லாம நான் கெடக்கறேன்" என்றாள். அத்தைக்கு ஒரு பழைய கைத்தறிச் சேலையை எடுத்துக் கொடுத்தாள். ரப்பர் செருப்பைப் பார்த்து, காட்டில் அது வழுக்கும் என்று கழற்றி வைக்கச் சொன்னாள். நாங்கள் மலை இறங்கும்போது அத்தை ஓடையோரத்துக் காட்டில் வெறுங்காலோடு நின்று கிழங்குத் தூரை இரண்டு கையாலும் அசைத்துக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை.

அடுத்த வாரம் லாரியில் நான் மறுபடி போனேன். அத்தை என்னைக் கண்டதும் ஓடிவந்து கட்டிக்கொண்டாள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். ஒன்றும் ஆகவில்லை. சுருக்கென்று இல்லை, பொரியவில்லை, அவள் தலைமுடி படிந்து கிடந்தது. அதில் விடியற்காலைப் பனியின் ஈரம்கூட இருந்தது. அப்பா தள்ளி நின்று இதைப் பார்த்தார். அவர் கண் கலங்கிவிட்டது. மலைச்சாமி கோயில் இருக்கிற திசையைப் பார்த்துக் கும்பிட்டார்.

ஓடைக்காற்றின் ஈரமும் பருத்திச் சேலையும் மண்ணில் பதிந்த வெறுங்காலும் செய்த வேலை அது. இன்றைக்கு எனக்குத் தெரிகிறது. அன்றைக்கு நானும் அப்பாவோடு சேர்ந்து கும்பிட்டேன்.

சரி, சாமி குணமாக்கிவிட்டதே, அத்தையைத் திரும்ப அழைத்துப் போகலாமே என்று நான் கேட்டேன். "கீழ எறங்கினா திரும்பப் புடிச்சிக்கும்" என்றார் அப்பா. எப்படிப் பாருங்கள், குணமான பிறகும் அவளுக்கு விடுதலை இல்லை.

கீழே அம்மா மாவு பிடிக்கிற அறைக்குப் போய்க்கொண்டிருந்தாள். பழைய பருத்திச் சேலைதான், காலில் செருப்பும் கிடையாது. "இப்ப ஒண்ணும் பிரச்சனை இல்லையே?" என்று மேஸ்திரி கேட்டால், "ஒண்ணும் இல்லீங்க" என்பாள். ஊர் நிம்மதியாயிற்று. பிடித்திருந்தது அத்தையைத்தான், அவளோடு அது மலையேறிவிட்டது. ஆனால் அம்மா வீட்டுக்கு வந்ததும் வலது கை விரல்களை இடது கையால் நீவிக்கொண்டே இருந்தாள். சோறு பிசைவதற்கு முன்னால் விரல்களை மடக்கி மடக்கி விரிப்பாள். தூக்கத்தில் திடுக்கென்று கையை இழுத்துக்கொள்வாள். அவள் பக்கத்தில்தான் நான் படுப்பேன். கை வலிக்கிறதா என்றால், சாக்கு கனம் என்றாள்.

பங்குனியில் ஒரு சனிக்கிழமை. அப்பா மலைக்குப் போயிருந்தார். மதியச் சாப்பாட்டைத் தூக்குப்போசியில் எடுத்துக்கொண்டு நான் மில்லுக்குப் போனேன். களத்து வெயிலில் கண் கூசியது. காற்று சுழற்றிச் சுழற்றி அடித்தது. மேஸ்திரி மரத்தடியில் கணக்கு சொல்லிக்கொண்டிருந்தார். நான் மாவு அறைக் கதவிலிருந்து கொஞ்ச தூரத்தில் நின்று "அம்மா" என்று கூப்பிட்டேன்.

முதலில் பெரிய சத்தமெல்லாம் இல்லை. நிறைய பேர் ஒரே சமயத்தில் மூச்சு விட்ட மாதிரி உஸ்ஸென்று ஒன்று கேட்டது. ஜன்னல் சாக்குகள் வெளியே உப்பின. அதன் விளிம்பில் மஞ்சள் வெளிச்சம். பிறகு உத்திரத்திலும் சுவரிலும் அத்தனை நாள் படிந்திருந்த தூள் எல்லாம் அந்த அதிர்ச்சியில் உதிர்ந்திருக்க வேண்டும். இரண்டாவதாக வந்ததுதான் சத்தம். கூரைத் தகடு மேலே எழும்பி விழுந்தது. கதவு என் பக்கமாக வந்து விழுந்தது. சூடான காற்று என்னைக் களத்து மாவின்மேல் தள்ளிவிட்டது. வாயெல்லாம் மாவு. எழுந்து பார்த்தால் வாசல் முழுக்க ஆரஞ்சு நிறம்.

எல்லாரும் ஓடினார்கள். மில்லுக்கு வெளியே ஓடினார்கள். மேஸ்திரி ஒருத்தர்தான் உள்ளே ஓடினார். சாவியில் ஒரு பொறி பறந்ததற்குப் பயந்து நடுங்கிய அதே மனுஷன். ஈரச் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு போய், அம்மாவைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார். அவருடைய மீசையும் புருவமும் இல்லை. அம்மாவின் இரண்டு கையும் முன்னால் நீட்டியபடியே இருந்தன, இன்னும் சாக்கைப் பிடித்துக்கொண்டிருப்பது போல. ஒரு பக்கக் கன்னம் வெந்து போயிருந்தது. என்னைப் பார்த்து, "உனக்கு ஒண்ணும் ஆவலியே?" என்று கேட்டாள். அதற்கப்புறம் இரண்டு நாள் பேசவில்லை.

கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் வாழையிலை விரித்துப் படுக்கவைத்திருந்தார்கள். விசாரிக்க வந்தவர்களிடம் யாரோ பீடி பற்றவைத்திருக்க வேண்டும் என்று மில்லில் சொன்னார்கள். உள்ளே அம்மாவைத் தவிர ஆளே இல்லை, பீடி எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்கவில்லை. ஊரில் வேறு மாதிரி சொன்னார்கள். துரத்தப்பட்டவள் மலையிலிருந்து முனியை ஏவிவிட்டாளாம். அத்தை போனாலும் அவளைப் பிடித்தது அந்த அறையிலேயே தங்கிவிட்டதாம். அப்பா இரண்டையும் கேட்டார். கேட்டுவிட்டு, அத்தையைக் கீழே இறங்க வேண்டாம் என்று லாரி கிளீனரிடம் சொல்லி அனுப்பினார்.

அதே கிளீனர் நடந்ததையும் சொல்லிவிட்டான் போலிருக்கிறது. மறுநாள் அத்தை பஸ் பிடித்து வந்துவிட்டாள். கைத்தறிச் சேலை, காலில் செம்மண், கையில் ஒரு பையில் கொஞ்சம் மலைத்தேன். தீப்புண்ணுக்கு நல்லதென்று கிழங்குக்காரம்மா கொடுத்தனுப்பியது. வார்டில் அத்தனை கட்டில்களும் திரும்பிப் பார்த்தன. அப்பா எழுந்து குறுக்கே நின்றார்.

"உன்ன யாரு வரச் சொன்னது? வர வாணாம்னு சொன்னேனில்ல?"

"அண்ணியப் பாக்கணும். தள்ளு."

"தொடாத. தொடாதங்கறேன். உயிரு போயிக்கினு கீது அவளுக்கு. இதுக்கு மேல இன்னா வேணும் உனக்கு?"

அத்தை அப்படியே நின்றாள். அப்போது அம்மா பேசினாள். உதடு வீங்கிப் போய், வார்த்தை வார்த்தையாகத்தான் வந்தது.

"வுடுங்க. அவ தொடட்டும்."

"உனக்குத் தெரியாதுடி."

"எனக்குத்தான் தெரியும். எனக்கும் அடிச்சுது. மொத நாள்லருந்து அடிச்சுது. அந்தப் புனலுதான். கைய நீட்டுனா போதும். அன்னிக்குப் பொறி பெருசா வந்துது. நெருப்புப் புடிச்சிக்கிச்சு."

அத்தை கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து குனிந்தாள்.

"ஏன் அண்ணி சொல்லல?"

"சொன்னா என்னையும் மலைக்கு இட்டுக்கினு போயிருப்பாங்க. இவளுக்கு யாரு சோறு போடறது?" அம்மாவின் கண் என்னைப் பார்த்துவிட்டு அத்தையிடம் போனது. "உன்ன அனுப்பும்போதும் வாயத் தொறக்கல. அப்ப தெரியாது எனக்கு. தெரிஞ்ச பொறகும் தொறக்கல."

அத்தை டம்ளரில் கஞ்சியை ஆற்றினாள். அம்மாவின் தலையை ஒரு கையால் தாங்கி, ஸ்பூனால் கொடுத்தாள். வாயோரம் வழிந்ததைத் தன் முந்தானையால் ஒற்றினாள். நான் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றேன். அப்பா வெளியே போய்விட்டார். வலியில் உளறுகிறாள் என்று வராந்தாவில் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார். அதை அவர் நம்பவே செய்தார். ஒரு முனியைவிட ஒரு தகரப் புனலை நம்புவது அவருக்குக் கஷ்டமாக இருந்தது.

சித்திரையும் வைகாசியும் அத்தை எங்கள் வீட்டில் இருந்தாள். அம்மாவைக் குளிப்பாட்டி, தலைவாரி, எனக்குச் சோறு போட்டு, எல்லாம் அவள்தான். அம்மா பிழைத்துக்கொண்டாள். வலது கையில் இரண்டு விரல் மட்டும் கடைசி வரை மடங்கவில்லை. அப்பாவும் அத்தையும் ஒரே வீட்டில் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. அவள் உள்ளே வந்தால் அவர் வெளியே போவார்.

மில்லைத் திரும்பக் கட்டினார்கள். சேலத்திலிருந்து வந்த மெக்கானிக் பிளாஸ்டிக் குழாயைக் கழற்றச் சொல்லிவிட்டு, புனலில் ஒரு செப்புக் கம்பியைச் சுற்றி, மறுமுனையை வெளியே ஈர மண்ணில் புதைத்தாராம். மேஸ்திரிதான் வந்து சொன்னார். வாசலில் நின்றபடி, புதிதாக முளைத்த மீசையைத் தடவிக்கொண்டு, அத்தையைப் பார்க்காமல் சொன்னார்.

"கம்பி கட்டிட்டாங்கம்மா. இப்ப யாருக்கும் அடிக்கறதில்ல."

அத்தை அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். "அப்ப அந்தப் புனலுக்கும் முனி புடிச்சிருந்துதா? அதையும் மலைக்கு அனுப்பிச்சிருக்கலாமே" என்றாள்.

மேஸ்திரி தலையைக் குனிந்துகொண்டு போனார். அம்மாவை உயிரோடு கொண்டுவந்தவர் என்பதால் அத்தை பின்னாலேயே போய் ஒரு சொம்பு மோர் கொடுத்தாள். அவர் அவள் கையிலிருந்து நேராக வாங்கிக் குடித்தார்.

ஆஸ்பத்திரியில் அடுத்த கட்டிலுக்குத் துணையாக இருந்த ஒரு பெண் உளுந்தூர்பேட்டையில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்தாள். அவளோடு அத்தைக்குப் பழக்கமாகிவிட்டது. ஆனி மாதம் அவளோடு போய்விட்டாள். முதலில் மாவாட்டினாள், பிறகு சமைத்தாள், அந்தப் பெண் காலமான பிறகு கடையே அவளுடையதாயிற்று. நானும் அம்மாவும் போய்ப் பார்ப்போம். அப்பா மெட்ராஸ் ரோட்டில் லோடு ஓட்டும்போதெல்லாம் உளுந்தூர்பேட்டையைக் கடந்துதான் போயிருக்க வேண்டும். ஒரு தடவைகூட அங்கே நிறுத்தியதில்லை.

நான் பள்ளிக்கூடத்தின் கடைசி வருஷங்களில் இருந்தபோது, இயற்பியல் பாடத்தில் இந்த விஷயம் வந்தது. ஒன்றோடொன்று உரசும் பொருள்கள், தங்கிவிடும் மின்சாரம், காய்ந்த காற்று, தரைக்கு இறங்க வழி. வகுப்பில் பிளாஸ்டிக் சீப்பைத் தலையில் தேய்த்துக் காகிதத் துண்டுகளைத் தூக்கிக் காட்டினார்கள். மற்ற பிள்ளைகள் சிரித்தார்கள். அந்த வாரமே உளுந்தூர்பேட்டைக்கு பஸ் ஏறினேன். வழியெல்லாம் வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். அத்தை கல்லில் தோசை வார்த்துக்கொண்டிருந்தாள். புகையில் கண் எரிய, பக்கத்தில் நின்று மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் சொன்னேன்.

"அத்தே, உன் மேல ஒண்ணுமே இல்ல அத்தே. அந்தச் சேலை, அந்தக் குழாயி, அந்தப் பிளாஸ்டிக் பாயி, காத்துல ஈரம் இல்லாதது, அவ்ளோதான். புஸ்தகத்துலயே போட்டிருக்குது."

அவள் தோசையைத் திருப்பிப் போட்டாள். "என் மேல ஒண்ணும் இல்லன்னு எனக்கு அன்னிக்கே தெரியுமேடி. தெரிஞ்சவகிட்ட வந்து சொல்லிக்கினு கீற. தெரியாத ஆளுகிட்ட போய்ச் சொல்லு."

அன்று சாயங்காலம் அப்பாவிடம் சொன்னேன். சீப்பையும் காகிதத்தையும் வைத்துச் செய்து காட்டினேன். காகிதம் தாவி ஒட்டியதைப் பார்த்தார். என்னிடமிருந்து சீப்பை வாங்கி, தன் தலையில் தேய்த்து, தானே ஒரு தடவை செய்து பார்த்தார். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"ஒரு கம்பி கட்டியிருந்தா போதுமா?"

"போதும்பா."

அம்மா அடுப்படியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். மறுநாள் காலையில் அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். எங்கே என்று யாரும் கேட்கவில்லை. இரவு திரும்பி வந்தார், படுத்துக்கொண்டார். அங்கே என்ன நடந்தது என்பதை அத்தைதான் எனக்குச் சொன்னாள், அதுவும் ரொம்ப நாள் கழித்து.

"கடைக்கு எதிர்ல வந்து நின்னுக்கினு இருந்துச்சு உங்கப்பா. கூட்டம் கம்மியாவட்டும், பேசலாம்னு நெனச்சிருக்கும் போல. உளுந்தூர்பேட்டைல எங்க கூட்டம் கம்மியாவுது? பஸ்ஸு வந்துக்கினே இருக்குது, ஜனம் எறங்கிக்கினே இருக்குது. நானும் கூப்புடல. பாத்தும் பாக்காத மாதிரி இருந்தேன். வெயிலு ஏறிடுச்சு."

"அப்புறம்?"

"அப்புறம் இன்னா. சட்டையக் கழட்டி ஆணியில மாட்டிட்டு உள்ள வந்துச்சு. ஜக்க எடுத்துச்சு. ஒவ்வொரு எலைக்கா போயி தண்ணி ஊத்த ஆரம்பிச்சிடுச்சு. கடை சாத்தற வரைக்கும் ஊத்துச்சு."